எட்டாவது தட்டு

போன சனிக்கிழமை வகுப்பில் நாம் எல்லோரும் சிரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மெல்போர்னில் இருக்கும் மகனிடம் போகப்போகிற நம் பேங்க்காரர், டீச்சரோடு நின்று ஐந்து நிமிடம் வெயிலையும் பூச்செடியையும் பற்றி ஆங்கிலத்தில் பிசகில்லாமல் பேசினார். பேசி முடித்ததும் கைகூப்பி, "ஓகே மேடம், ஐ ஆம் கமிங்" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் நடந்தார். "எங்கே சார் கமிங்? நீங்க கோயிங்" என்றார் டீச்சர். மனிதருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சிரித்தவர்களில் என் சத்தம்தான் பெரியது, எனக்கே தெரியும். அது சிரிப்பு மட்டும் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வகுப்பே ஒரு கூத்துதான். அறுபதைத் தாண்டிய பன்னிரண்டு பேர், மகள் வயதுள்ள டீச்சர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "உங்கள் வாரக் கடைசி எப்படிப் போனது" என்று ஒருவரை ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டுக்கொள்கிறோம். கேட்காமல் என்ன செய்வது? பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு நாலு வார்த்தை பேசத் தெரியாவிட்டால் ஆறு மாதமும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இதில் வீட்டுப்பாடம் வேறு. நீங்கள் முதன்முதலில் கேட்ட ஆங்கிலப் பேச்சைப் பற்றி ஐந்து வரி எழுதி வாருங்கள் என்று டீச்சர் சொன்னார். என்னுடையது ஐந்து வரியிலும் அடங்காது, ஆங்கிலத்திலும் அடங்காது. தமிழில் எழுதி உங்களுக்கு மட்டும் தருகிறேன். டீச்சரிடம் காட்டிவிடாதீர்கள்.

எங்கள் தோட்டம் பல்லடத்துக்குத் தெற்கே இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வருடம் மாசியில் ஒரு நாள், அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, ஒரு தகரப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கி வண்டித்தடத்தில் தனியாக நடந்து வந்தாள். காங்கேயம் பக்கம் அவளைக் கட்டிக்கொடுத்து நாலு வருடம் ஆகியிருந்தது. மாமா வீட்டில் தேங்காயெண்ணெய் ஆலை. அத்தை வந்தால் அவள் புடவையிலிருந்து கொப்பரை வாசம் வரும். அந்த வாசம் போக ஒரு மாதம் ஆயிற்று.

அங்கே அவளை யாரும் அடிக்கவில்லை, வையவும் இல்லை. சோற்றுக்கும் துணிக்கும் குறைவில்லை. பேச்சுத்தான் இல்லை. இவளுக்குக் குழந்தை பிறக்காது என்று அவர்களாகவே முடிவு செய்த பிறகு மாமியார் பேச்சை நிறுத்தினார். அதற்கப்புறம் மாமாவும் நிறுத்திக்கொண்டார். அத்தை எதிரே நிற்கும்போதே, "சோறு போடச் சொல்லு" என்று வேலைக்காரியிடம் சொல்வாராம். வேலைக்காரி திரும்பி, "போடச் சொல்றாருங்க" என்பாளாம். இப்படி இரண்டு வருடம்.

"அடிச்சாங்களா? இல்லை. பட்டினி போட்டாங்களா? அதுவும் இல்லை. பேசலைன்னு ஒருத்தி பொட்டியத் தூக்கிட்டு வருவாளா?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அப்பா கெட்டவர் இல்லை. நாள் முழுக்கப் பத்து வார்த்தைக்குமேல் பேசாத மனிதர். பேச்சில்லாமல் ஒருத்தி வாடிப்போவாள் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை என்று இப்போது புரிகிறது. வைகாசி கடைசி வெள்ளிக்கிழமை தானே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதாக அவர் முடிவு செய்திருந்தார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு விட்டதுபோல அத்தைக்கும் மாமியார் வீட்டில் லீவு விட்டிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இனி இன்னொரு பெட்டிக்கு வருகிறேன். அந்தப் பங்குனியில், கோயமுத்தூரில் இருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் சீமைக்குத் திரும்பிப் போனபோது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். பம்புசெட்டுக்கு ஏதோ சாமான் கிடைக்குமென்று போன அப்பா, சாவி கொடுத்துச் சுற்றுகிற ஒரு கிராமபோனும், பச்சைத் துணி ஒட்டிய பெட்டி நிறைய இசைத்தட்டும் வாங்கிவந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களெல்லாம் பாட்டுக் கேட்க வந்து களத்தில் உட்கார்ந்தார்கள். தட்டுச் சுழன்றது. ஓர் ஆண்குரல், "குட் மார்னிங். ஹவ் டூ யூ டூ?" என்றது. பிறகு சத்தமே இல்லை. வெறும் கரகரப்பு. அப்புறம் ஒரு பெண்குரல் வேறு எதையோ கேட்டது. மறுபடியும் கரகரப்பு.

"பாட்டு எப்பங்க வரும்?" என்று ஒருவர் கேட்டார்.

"வருமுங்க, சித்தே இருங்க" என்றார் அப்பா.

மூன்று தட்டுப் போட்டும் பாட்டு வரவில்லை. அது ஆங்கிலத்தில் பேசிப் பழகுவதற்கான தட்டுகள் என்று மூடியைப் படித்து அத்தைதான் சொன்னாள். அத்தை பதினோராம் வகுப்பு முடித்தவள். ஆங்கிலம் எழுதுவாள், படிப்பாள், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பாவுக்கு வந்த கோபத்தில் பெட்டி பரணுக்குப் போயிற்று.

சித்திரையில் எனக்கு லீவு விட்டதும் அத்தையும் நானும் அதைக் கீழே இறக்கினோம். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பருத்தி போட்டுவைக்கும் ஒரு சாளை இருந்தது. கூரையில் ஓட்டை. வெயில் அதன் வழியாக விழுந்து மத்தியான நேரத்தில் தரையில் காசு காசாகக் கிடக்கும். பருத்திப் பஞ்சு பறந்து அந்த வெளிச்சத்தில் மெதுவாக ஏறும், இறங்கும். அதற்கு நடுவே தட்டுச் சுற்றும். பெட்டியோடு வந்த ஊசிகள் நாலைந்து நாளில் மழுங்கிப்போனதும் அத்தை சப்பாத்திக்கள்ளி முள்ளை ஒடித்துச் செருகிப் பார்த்தாள். பாடியது. குரல் மட்டும் எங்கேயோ தூரத்தில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல வந்தது. இன்றைக்கும் அரைத்தூக்கத்தில் எனக்கு ஆங்கிலம் அந்தக் குரலில்தான் கேட்கிறது.

நடுவில் ஏன் சத்தம் நின்றுபோகிறது என்பதை அத்தை இரண்டாம் நாள் கண்டுபிடித்தாள். "நமக்குத்தான் எடம் உட்டிருக்காங்க, கண்ணு. அவங்க கேட்டா நாம பதில் சொல்லோணும்."

பெண்குரல், "ஹவ் ஆர் யூ டுடே?" என்று கேட்டது. கரகரவென்று தட்டுச் சுற்றியது. அத்தை பெட்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "ஐ ஆம் வெரி வெல், தேங்க் யூ" என்றாள். அவள் சொல்லி முடிக்கவும், "ஐ ஆம் சோ க்ளாட்" என்றது தட்டு. அத்தை என் பக்கம் திரும்பினாள். "நாம் பேசி முடிக்கற வரைக்கும் இருந்துபோட்டு அப்பறம் பேசுது பாரு இந்தம்மா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்த ஒரு கேள்வியை மட்டும் அன்றைக்கு ஏழெட்டுத் தடவை திரும்பத் திரும்பப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள். எனக்கு அலுத்துப்போய்ப் பருத்திமேல் படுத்துத் தூங்கிவிட்டேன்.

மொத்தம் எட்டுத் தட்டு. வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு, வரிசை மாறக் கூடாது என்பது அத்தையின் சட்டம். முதல் தட்டில் "ஹவ் டூ யூ டூ" என்று கேட்டால் பதிலுக்கும் "ஹவ் டூ யூ டூ" என்றுதான் சொல்ல வேண்டுமாம். இதென்ன, கேட்ட கேள்வியையே திருப்பிக் கொடுப்பது என்று நான் கேட்டேன். "நாம் மட்டும் என்ன பண்றோம்? வாங்கன்னா வந்தனுங்கன்னு சொல்றதில்லையா? வந்தது அவங்களுக்குக் கண்ணுல தெரியாதா?" என்றாள் அத்தை. அப்புறம் எனக்கு அது சுலபமாகிவிட்டது.

இரண்டாம் தட்டு வானிலை. வெயில் பளிச்சென்று அடிக்கிறது, என்ன அருமையான நாள் என்று ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள். அத்தைக்கு இது பொறுக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் அடிக்கல் தெரியக் கிடந்த சித்திரை அது. "வெயிலடிச்சா நல்ல நாளாமா? இவங்க தோட்டத்துல வெள்ளாமை என்ன பண்றாங்களோ" என்றாள். அந்தப் பாடத்தை மட்டும் நாங்கள் திருத்திக்கொண்டோம். மேற்கே மேகம் கட்டினால், "இட் இஸ் எ ஃபைன் டே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. அந்த மாதம் அப்படிச் சொல்ல வாய்ப்பு வந்தது இரண்டே நாள்.

நாலாவது தட்டில் புதிதாகப் பார்ப்பவர்களிடம் என்னென்ன கேட்கக் கூடாது என்று ஆண்குரல் நிறுத்தி நிதானமாகச் சொன்னது. வயதைக் கேட்கக் கூடாது. எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. கல்யாணம் ஆயிற்றா, குழந்தை உண்டா என்று கேட்கக் கூடாது. எனக்குச் சிரிப்பாக வந்தது. இதையெல்லாம் கேட்காமல் எங்கள் பக்கத்தில் ஒருவரோடு ஒருவர் பேசவே முடியாது. ஒறம்பரை என்று விருந்தாளி யாராவது வந்து உட்கார்ந்தால் தண்ணீர் குடிப்பதற்குள் இந்த நாலும் ஆகியிருக்கும். அத்தை சிரிக்கவில்லை. கைப்பிடியைச் சுற்றி அதே பக்கத்தை மறுபடியும் போட்டாள்.

"கொழந்தை இருக்குதான்னு கேக்கவே மாட்டாங்களாமா?" என்றாள்.

"கேக்கக் கூடாதுன்னுதானுங்க அத்தை சொல்றாரு."

"நல்ல பாசை" என்றாள். அதை அவள் எதற்குச் சொன்னாள் என்று தெரிய எனக்கு இருபது வருடம் ஆயிற்று. எனக்குக் கல்யாணமாகி முதல் மூன்று வருடம் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தபோது, பருத்திச் சாளையும் அந்த ஆண்குரலும் நினைவுக்கு வந்தன.

ஐந்தாவது தட்டில் ஒரு கீறல். தேநீர் விருந்துப் பாடம். "வில் யூ ஹாவ் அனதர், வில் யூ ஹாவ் அனதர்" என்று அது ஒரே இடத்தில் நின்று உபசரித்துக்கொண்டே இருக்கும். அத்தை, "போதுமுங்க, வகுறு நெறஞ்சு போச்சுங்க" என்று கும்பிட்டுவிட்டு முள்ளைத் தூக்கிவைப்பாள். எங்களூர் உபசாரம் மாதிரியே இருந்ததால் எனக்குப் பிடித்த பாடம் அதுதான்.

மளிகைக் கடையிலிருந்து பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளில் அந்த விளம்பரத்தை அத்தை பார்த்தது ஐந்தாம் தட்டு ஓடிக்கொண்டிருந்தபோது. கோயமுத்தூரில் ஒரு மில் அலுவலகத்துக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேண்டும், பெண்ணாக இருக்கலாம், ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டும். அத்தை அதைக் கிழித்து அம்மாவிடம் காட்டினாள். அம்மாவை அவள் நங்கை என்பாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"நங்கை, இதுக்கு எழுதிப் போடட்டுங்களா?"

அம்மா அடுப்பு ஊதுவதை நிறுத்தினாள். "போடு, அம்மணி. உங்கண்ணங்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம்" என்றாள்.

அன்றிலிருந்து டெலிபோன் பழக்கம் ஆரம்பித்தது. இரண்டு காலிப் பவுடர் டப்பாவில் ஓட்டை போட்டு, தறிக்காரரிடம் வாங்கிய பாவு நூலைக் கட்டி, சாளையிலிருந்து கிணற்றுமேடு வரைக்கும் இழுத்தோம். கிணற்றுமேட்டில் நின்று நான், "ஹலோ" என்பேன். டப்பாவுக்குள், காதுக்கு வெகு பக்கத்தில், "குட் மார்னிங். ஹூ இஸ் ஸ்பீக்கிங், ப்ளீஸ்?" என்று அந்தச் சீமைப் பெண்ணின் குரல் வரும். திரும்பிப் பார்த்தால் சாளை வாசலில் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு அத்தை நிற்பாள். இரண்டும் ஒருத்திதான் என்று நம்ப எனக்குச் சிரமமாக இருந்தது.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எட்டுத் தட்டின் தலைப்பும் அச்சடித்திருந்தது. எட்டாவதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். டேக்கிங் லீவ். லீவு எடுப்பது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அத்தைதான், "அந்த லீவு இல்லை கண்ணு. சொல்லிக்கிட்டுப் பொறப்படறது. எட்டும் முடிஞ்சா நானும் பொறப்பட வேண்டியதுதான்" என்றாள்.

விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். எட்டும் முடிந்தால் அத்தை போய்விடுவாள். எட்டாவது இல்லாவிட்டால் எட்டும் முடியாது. ஒன்பது வயதுக் கணக்கு அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் எட்டாவது தட்டை எடுத்துச் சாளைக் கூரைமேல் ஒளித்துவைத்தேன். சாயங்காலம் எட்டிப் பார்த்தால் வெயிலில் அது அப்பளம்போல நெளிந்து கிடந்தது. பயந்துபோய் அதை மாட்டுத் தீவனத்துக்கு அடுக்கியிருந்த சோளத்தட்டுப் போருக்குள் ஆழமாகச் செருகிவிட்டேன்.

ஏழு தட்டு முடிந்தபோது அத்தை பெட்டியைத் துழாவினாள். "எட்டாவதைக் காணமே, கண்ணு. பாத்தியா?"

"தெரியலைங்க அத்தை."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியை மூடிவிட்டாள். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. அடுத்த நாள் மில்லிலிருந்து நேரில் வரச்சொல்லிக் கார்டு வந்தது. தபால்காரரிடம் அம்மாவே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, எனக்கு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மூன்று பேரும் கோயமுத்தூர் பஸ் ஏறினோம். மில் வாசலில் புங்கமரத்தடியில் அம்மா உட்கார்ந்துகொண்டாள். "துணைக்கு இவளைக் கூட்டிட்டுப் போ" என்று என்னை அனுப்பினாள். மேனேஜர் ஒரு வயதான வெள்ளைக்காரர். அந்தக் காலத்தில் அப்படி ஒன்றிரண்டு பேர் ஊரில் மிச்சம் இருந்தார்கள். பெரிய மின்விசிறி, பஞ்சு வாசனை, மேஜைமேல் கறுப்பு டெலிபோன். தட்டில் கேட்ட ஆண்குரலுக்கு உடம்பு முளைத்து எதிரே உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

அவர் ஜன்னலைப் பார்த்து ஏதோ சொன்னார். வெயில் பற்றி என்று தெரிந்தது. வெளியே மேற்கில் மேகம் திரண்டிருந்தது. "நோ சார். இட் இஸ் எ ஃபைன் டே. தி ரெயின் இஸ் நியர்" என்றாள் அத்தை. அவர் ஒரு கணம் விழித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். பிறகு பக்கத்து அறையிலிருந்து யாரையோ அந்த டெலிபோனில் பேசச் சொன்னார். மணி அடித்தது. அத்தை எடுத்து, "குட் மார்னிங். ஹூ இஸ் ஸ்பீக்கிங், ப்ளீஸ்?" என்றாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏதோ மெதுவாகச் சொன்னார். தன் அம்மா பேசுகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாராம். அத்தை பிறகு எனக்குச் சொன்னாள்.

அவர் பேச்சை முடித்துக்கொண்டு எழுந்தார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வேலை, வீட்டில் கலந்துகொண்டு சொல்லுங்கள் என்பது அவர் கடைசியாகச் சொன்னது. இதுவும் பிறகு தெரிந்ததுதான். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இனி அத்தை சொல்லிக்கொண்டு புறப்பட வேண்டும், அதற்கான தட்டு சோளத்தட்டுப் போருக்குள் கிடக்கிறது.

அத்தை எழுந்து நின்றாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது, தட்டு நடுவில் நின்றுபோகும்போது கேட்குமே அதுபோல. பிறகு கைகூப்பி, தெளிவாக, "ஐ ஆம் கமிங், சார்" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். "குட்" என்று தலையாட்டிவிட்டு ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். கம் என்றால் வா, கோ என்றால் போ என்பது எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது. பஸ்ஸில் அம்மா என்ன ஆயிற்று என்று கேட்டபோது நான்தான் முந்திக்கொண்டு, "கடைசில தப்பாச் சொல்லிட்டாங்க. போறேன்கறதுக்கு வாரேன்னு சொல்லிட்டாங்க" என்றேன். சொன்ன கையோடு எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சூலூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

கடிதம் வந்தது வைகாசி கடைசி வெள்ளிக்கு மூன்று நாள் முன்னால். அந்தத் தடவை தபால்காரர் வந்தபோது வாசலில் நின்றது அப்பா. அத்தையின் தகரப் பெட்டி காங்கேயம் போவதற்காகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. மில் முத்திரையைப் பார்த்துவிட்டு அத்தையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அத்தை நின்றபடி ஆங்கிலத்தில் படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னாள். நேரில் பேசியபோது தாங்கள் வருவதாக உறுதியாகச் சொன்னதில் எங்களுக்கு மகிழ்ச்சி. அதை நம்பி வேறு யாரையும் பார்க்கவில்லை. முதல் தேதி எந்த நேரத்துக்கு வருவீர்கள் என்று தெரிவிக்கவும்.

அப்பாவின் முகம் கறுத்தது. நோட்டுப் புத்தகம் வாங்கப் போன கதை அங்கேயே உடைந்துபோயிற்று. "ஊட்டுல ஒரு வார்த்தை கேக்காம, வாரேன்னு சொல்லிப்போட்டு வந்துட்டியா?"

"பொறப்படறப்ப வாரேன்னுதானுங்கண்ணா சொல்லுவோம்" என்றாள் அத்தை. "போறேன்னா சொல்லறது?"

போறேன் என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டில் யாரும் படி இறங்கியதில்லை. அப்பாவே பால் ஊற்றப் போகும்போதுகூட வாரேன் என்பார். கிணற்றுமேடு வரைக்கும் நடந்தார், திரும்பி வந்தார், மறுபடியும் நடந்தார். நூல் டெலிபோன் குறுக்கே கட்டியிருந்தது. அதைக் குனிந்து தாண்டிக் குனிந்து தாண்டிப் போனார்.

அவர் மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது அம்மா வாசலுக்கு வந்தாள். அப்பாவுக்கு எதிரே நின்று அம்மா பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஏனுங்க, அந்த ஊட்டுல இவ வந்தாலும் போனாலும் என்னன்னு கேக்க ஆளில்லீங்க. இங்க ஒருத்தர், நீ எப்ப வாரேன்னு கடுதாசி போட்டுக் கேக்கறாருங்க."

அப்பா வெகுநேரம் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கடைசியில், "வெளியாளுகிட்டச் சொன்ன சொல்லு. இனி மாத்த முடியாது" என்றார். அவ்வளவுதான். துடைத்து வைத்த பெட்டி கோயமுத்தூருக்குப் போயிற்று. பாதிரிமார் நடத்திய ஒரு பெண்கள் விடுதியில் அப்பாவே கொண்டுபோய்ச் சேர்த்தார். புறப்படும்போது அத்தை என் தலையைத் தடவி, "வாரேன், கண்ணு" என்றாள். எட்டாவது தட்டை ஒளித்தும் அவள் போய்விட்டாளே என்று நான் சாளைக்குள் போய் அழுதேன். நூலின் மறுமுனையில் டப்பா கிணற்றுமேட்டில் கிடந்தது. காதில் வைத்துப் பார்த்தேன். காற்று மட்டும் வந்தது.

அத்தை அந்த மில்லில் முப்பது வருடத்துக்குமேல் இருந்தாள். மாமா வேறு கல்யாணம் செய்துகொண்டார் என்று கேள்விப்பட்டோம். எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தி முடியாது. அப்பாவே சொல்லுவார், அவர் சிரிக்கிற ஒரே கதை இதுதான். "இங்கிலீசு தெரியாம ஒளறி வேலை வாங்குனவ எந்தங்கச்சி" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், அத்தையும் சிரிப்பாள். நான் சிரித்துக்கொண்டே இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளை ஒரு வெள்ளைக்காரர் முன்னால் வார்த்தையில்லாமல் நிற்க வைத்தவள் நான். அது நல்லபடியாக முடிந்ததால் அது நான் செய்தது இல்லை என்று ஆகிவிடுமா? அப்பா போய்ச் சேர்ந்தார், அம்மாவும் போனாள். இதைச் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்திதான் மிச்சம்.

அதனால்தான் போன சனிக்கிழமை நீங்கள் எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பியபோது நான் வரவில்லை. நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். எண்பத்தொரு வயது. தனியாகத்தான் இருக்கிறாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்ததும், "ஃபைன் டே, கண்ணு" என்றாள். காபி போட்டுக் கொடுத்தாள். பேங்க்காரர் கதையைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு, காபி ஆறும் வரைக்கும் தம்ளரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, கூரை, வெயில், சோளத்தட்டுப் போர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஐம்பத்தாறு வருடத்துக் குற்றம் ஐந்து நிமிடத்தில் முடிந்துபோயிற்று. "மன்னிச்சுக்குங்க, அத்தை" என்றபோது குரல் எனக்கே சின்னப் பிள்ளையுடையதாகக் கேட்டது.

அத்தை தம்ளரைக் கீழே வைத்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, பருத்திச் சாளையில் நான் கேட்ட அதே சீமைப் பெண்ணின் குரலில், "ஐ ரியலி மஸ்ட் பி கோயிங் நௌ. இட் ஹாஸ் பீன் சோ நைஸ் டாக்கிங் டு யூ. குட்பை, அண்ட் தேங்க் யூ" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இதை எந்தத் தட்டிலும் நான் கேட்டதில்லை.

"எட்டாவது தட்டு" என்றாள். "ரெண்டாம் நாளே போட்டுக் கேட்டுப்போட்டேன். நீ பருத்திமேல தூங்கிட்டிருந்தே. வரிசையெல்லாம் உனக்குத்தான் கண்ணு, எனக்கில்லை."

"பின்ன ஏனுங்க அத்தை அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?"

வெளியே தூறல் கனத்தது. அத்தை எழுந்து ஜன்னல் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுங்கன்னாரு அவரு. கலந்தா உங்கப்பன் என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாதா? எட்டாவது தட்டுல சொல்ற மாதிரி, போறேன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. போறேன்னு சொன்னா, எனக்குப் போறதுக்குன்னு இருந்தது காங்கேயத்து ஊடு ஒண்ணுதானே கண்ணு. அதான் வாரேன்னு சொன்னேன்."